சான் பிரான்சிஸ்கோ எந்தப் பக்கம்?

தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. நான் கால் டாக்ஸி ஓட்டுகிறவன். ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால், கையில் போன் வைத்திருக்கிற எவனும் சொல்லிவிடுவான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேளுங்கள், ஒருத்தனும் வாய் திறக்க மாட்டான். ஆனால் என் அக்கா நாகவல்லிக்குத் தூரமும் வேண்டாம், நேரமும் வேண்டாம். போகிற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தாக வேண்டும்.

எல்லாம் இந்தச் சூலத்தால் வந்தது. கிழமைக்கு ஒரு திசையில் சூலம் நிற்கும், அன்றைக்கு அந்தப் பக்கம் பயணம் கிளம்பக் கூடாது என்பது கணக்கு. நாள்காட்டித் தாளின் அடியில் தினமும் அச்சடித்திருப்பார்கள். நாமெல்லாம் அதைக் கிழித்துக் காது குடைவோம். அக்கா படிப்பாள். ஒருமுறை திருவள்ளூரில் சொந்தக்காரர் கல்யாணம். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம் என்று வியாழக்கிழமையே கிளம்பிப் போய், அதே மண்டபத்தில் யார் வீட்டுக் கல்யாணத்திலோ இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுக் காத்திருந்தவள் அவள். மொய்கூட எழுதினாளாம்.

அப்படிப்பட்டவளுக்கு இந்த வருஷம் சான் பிரான்சிஸ்கோ போகவேண்டி வந்தது. மகள் ஜோதிகாவுக்கு அங்கே தலைப்பிரசவம். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லி டாக்டர் நாள் குறித்துவிட்டார். வீடியோ காலில் ஜோதிகா அழுதாள். "யம்மா, எனக்கு வேற எதுவும் வேணாம். வலி எடுக்கறப்ப நீ பக்கத்துல இரு, போதும்" என்றாள். மருமகன் சந்தோஷ் மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டான். புதன்கிழமை காலை சென்னையில் ஏறி, சிங்கப்பூரில் மாறிப் போகவேண்டும். அதை விட்டால் அடுத்த வாரம்தான் இடம் கிடைக்கும், அதற்குள் குழந்தை பிறந்து குளித்து முடித்திருக்கும்.

டிக்கெட் ஒன்றுதான். அக்கா புருஷன் கன்னியப்பன் மாமா பாஸ்போர்ட்டே எடுக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். "எனக்கு ஷிஃப்ட் கீது. அங்க வந்து நான் இன்னா பண்ணப்போறேன், தொட்டில் ஆட்டவா?" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

டிக்கெட்டைப் பிரித்துப் பார்த்த நாளில் ஆவடிக்கு மேற்கே சேக்காட்டில் அவர்கள் வீட்டில் இருந்தேன். மாமாதான் முதலில் படித்தார்.

"காலைல பதினொண்ணுக்கு ஏறுது. அதே புதன்கிழம ராத்திரி எட்டுக்கு எறங்கிடுது. ஒம்போது மணி நேரம். நம்ம திருநெல்வேலி பஸ்ஸே இத்தவிட ஜாஸ்தி."

"மாமா, அது அந்த ஊரு எட்டு மணி. இங்க அப்ப வியாழக்கிழம காலைல. கிட்டத்தட்ட ஒரு நாள் ஆவும்" என்றேன்.

"டிக்கெட்ல புதன்கிழமன்னு போட்டுகீது. நீ இன்னா டிக்கெட்ட விடப் பெரிய ஆளா?"

பதினாலாயிரம் கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்தில் போக எந்த விமானத்தாலும் முடியாது என்று நான் சொல்லச் சொல்ல, அவர் விரல் விட்டு ஒன்பது எண்ணிக் காட்டினார். அக்கா இரண்டையும் கேட்டுவிட்டு, "கட்டுச்சோறு எத்தினி வேளைக்கு?" என்றாள். மாமா ஒரு வேளை என்றார், நான் மூன்று வேளை என்றேன். அவள் இரண்டு என்று முடிவு செய்தாள். அப்புறம் சுவரிலிருந்த நாள்காட்டியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"சரி, அது எந்தப் பக்கம் கீது?"

"மேற்கு" என்றார் மாமா. "அமெரிக்கா மேற்குலதான் கீது. உலகத்துக்கே தெரியும்."

"டிக்கெட்டு சிங்கப்பூர் வழியா. சிங்கப்பூர் கிழக்குல கீது. அப்பால கடலத் தாண்டி இன்னும் கிழக்க. மேற்குல போற ஊருக்கு எவனாவது கிழக்கால வண்டி ஏறுவானா?" என்றேன்.

மாமாவுக்கு வந்ததே கோபம். "உலகம் உருண்ட மச்சான். ரெண்டு பக்கமும் போவலாம்."

"அப்ப எனக்கு ரெண்டு பக்கத்து சூலமும் பாக்கணுமா?" என்றாள் அக்கா.

இந்த லட்சணத்தில், நடுநிலையாக ஒருத்தன் தீர்ப்பு சொல்லட்டும் என்று சந்தோஷை வீடியோ காலில் கூப்பிட்டோம். அவன் அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டுப் பையன், ஆனால் படித்தவன். படித்தவனைக் கேட்டதுதான் தப்பு. அவன் ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்துப் பேனாவால் இரண்டு புள்ளி வைத்து, ஒரு நூலை இழுத்துப் பிடித்துக் காட்டினான்.

"உருண்டைல ரெண்டு ஊருக்கு நடுவுல குறுக்கு வழி இதுதான் அத்தை. பாருங்க, நூல் மேல ஏறிப் போவுது. நேராப் போனா நம்ம ஊருலேர்ந்து சான் பிரான்சிஸ்கோ வடக்குலதான் இருக்கு. லேசா கிழக்கால சாஞ்ச வடக்கு."

அக்காவின் முகம் தொங்கிவிட்டது. புதன்கிழமை மேற்கே சூலமில்லை, கிழக்கேயும் இல்லை. வடக்கே இருந்தது. எங்கள் இரண்டு பேர் பேச்சைக் கேட்டிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பாள். அந்த ஆரஞ்சு அவள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. வடக்குச் சூலத்துக்குப் பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்று நாள்காட்டியே சொல்கிறது என்றேன். "அது பக்கத்து ஊருக்கு. பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு எத்தினி பசு மாட்டுப் பாலுடா குடிக்கறது?" என்றாள்.

வழி சொன்னது பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம். பரஸ்தானம் வைத்துவிடு என்றாள். அதாவது, பயணம் போகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில் நம்முடைய பொருள் ஒன்றைப் போகிற திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாக அர்த்தம். பிறகு போகிறபோது அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஒரே ஒரு சட்டம். கிளம்பிய பொருள் திரும்ப வீட்டுக்கு வரக் கூடாது. கிளம்பிய ஆளும்தான்.

"ஆளு இங்க கீது, புடவ மட்டும் அமெரிக்கா கெளம்புதா?" என்று மாமா சிரித்தார். அவர் அந்த வாரம் முழுக்கச் சிரித்தார்.

வியாழக்கிழமை சூலம் தெற்கே. எங்கள் மூன்று பேர் சொன்ன திசையிலும் அன்றைக்குத் தடை இல்லை என்பதால், முந்தின வியாழக்கிழமை குறிக்கப்பட்டது. இடம், அண்ணனூரில் வனஜா வீடு. வனஜா அக்காவோடு முன்பு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்தவள், புருஷனுக்கு ரயில் ஷெட்டில் வேலை. சேக்காட்டிலிருந்து அண்ணனூர் கிழக்கு. ஆக, என் கட்சி ஜெயித்தது.

சாதாரணமாக ஒரு புடவை, கொஞ்சம் அரிசி, மஞ்சள் துண்டு, இவ்வளவுதான் வைப்பார்கள். அக்கா யோசிக்கிறவள். "இது இல்லாம போவவே முடியாதுன்னு ஒரு பொருள் சொல்லு" என்று சந்தோஷைக் கேட்டிருக்கிறாள். அவன் என்ன சொல்லுவான், பாஸ்போர்ட் என்று சொல்லியிருக்கிறான். பாஸ்போர்ட் கிளம்பிவிட்டால் பயணம் கிளம்பியது மாதிரிதானே என்று, பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அரிசி மஞ்சளோடு ஒரு மஞ்சள் பையில் போட்டு, என்னிடம் சொல்லாமலே அண்ணனூருக்கு அனுப்பிவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் கணக்கில் ஒரு ஓட்டையும் கிடையாது.

புதன்கிழமை காலை வெயில் ஏறுவதற்குள் வண்டியோடு போய் நின்றேன். அக்கா ஒரு சொம்புப் பால் குடித்துவிட்டு வாசல் தாண்டினாள். டிக்கியில் இரண்டு பெட்டி, ஒரு பெட்டி முழுக்க வேர்க்கடலைப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும். மாமா முன் ஸீட். அண்ணனூரில் பையை எடுத்துக்கொண்டு, அம்பத்தூர் போய், பைபாஸ் ஏறினால் ஏர்போர்ட். வேண்டிய நேரம் இருந்தது. அந்தப் பையில் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்ததே ஆவடி தாண்டித்தான். வண்டியை ஓரங்கட்டி அழுதுவிடலாமா என்று இருந்தது.

வனஜா வீட்டில் பூட்டு தொங்கியது.

போன் போட்டோம். உள்ளேதான் மணி அடித்தது. போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "வனஜாக்கா மஞ்சப்பைய எடுத்துகினு சேக்காடு போயிருச்சே. பாவம் நாகு, ஊருக்குப் போறப்ப எதுக்கு அலையணும், நாமே கொண்டு குடுத்துரலாம்னு சொல்லிகினு போச்சு" என்றாள்.

எனக்கு வனஜா மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. நல்ல மனசுக்காரர்கள் செய்கிற மாதிரி ஒரு கெடுதலை எதிரிகூடச் செய்ய மாட்டான். அக்கா பின் ஸீட்டில் உட்கார்ந்து முந்தானையைக் கசக்கினாள். "எம்பொண்ணு தனியா கெடப்பாளேடா" என்றாள்.

அப்போது பஞ்சவர்ணத்தின் எண்ணிலிருந்து போன் வந்தது. பேசியது வனஜா. சேக்காட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாளாம், யாரையும் காணோமாம். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அக்கா விடவில்லை.

"அடியே, பை எங்க கீது? கேட்டுக்கு உள்ளவா, வெளியவா?"

"என் மடில கீது நாகு."

"நீ எங்க குந்தினுகீற?"

"படில. ஒரு காலு உள்ள, ஒரு காலு தெருவுல."

அக்கா கண்ணை மூடி யோசித்தாள். "தெருவுல கீற காலு பக்கமா பைய நகத்து" என்றாள். "நகத்திட்டியா? அப்படியே எழுந்து தெருமுனைக்குப் போயிடு. அங்கயே நில்லு, நாங்க வரோம்."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நாங்க வரோம்னு சொல்லிட்டேன். ஆனா நான் திரும்பக் கூடாது."

"யக்கா, நீ திரும்பலன்னா பிளேனும் உனுக்காகத் திரும்பாது."

"இத்தினி நாளு பாத்துப் பாத்துப் பண்ணிட்டு, இன்னிக்கு வந்த வழியே ஊட்டப் பாத்துப் போனா, அங்க எம்பொண்ணுக்கு எதனா ஆச்சுன்னா யாருடா பதில் சொல்றது?"

இதற்கு மேல் வாதாட முடியாது. இறங்கி இங்கேயே நில் என்றால், எதிர்வீட்டுப் பெண் பேசியே கொன்றுவிடுவாள், அதோடு வந்து ஏற்றிக்கொள்ள நேரமும் இல்லை. மாமாவைப் பார்த்தேன். வாரம் முழுக்கச் சிரித்த மனுஷன், அன்றைக்குச் சிரிக்கவில்லை. மெதுவாகச் சொன்னார்.

"நாகு, நீ மொகத்த கெழக்கப் பாத்துக் குந்து. வண்டி எங்கனா போவட்டும். நீ திரும்பலியே."

அக்கா இதைச் சட்டப்படி ஆராய்ந்தாள். முகம் போகிற திசைதான் ஆள் போகிற திசை என்று ஏற்றுக்கொண்டாள். பின் ஸீட்டில் முழங்காலை மடித்து, பின் கண்ணாடியைப் பார்த்து மண்டியிட்டு, ஸீட்டைக் கட்டிக்கொண்டாள். நான் வண்டியைத் திருப்பினேன்.

திருவள்ளூர் போகிற சி.டி.எச். ரோட்டில் வண்டி மேற்கே பறந்தது, என் அக்கா கிழக்கே பார்த்துக்கொண்டு வந்தாள். எங்களுக்குப் பின்னால் வந்த தண்ணீர் லாரி டிரைவருக்கும் அவளுக்கும் நேருக்கு நேர். அவர் ஹாரன் அடிப்பதையே நிறுத்திவிட்டார். ஒரு சிக்னலில் அவர் கும்பிட, இவளும் கும்பிட்டாள். எனக்கு மானம் போனது. மாமா தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆவடி பஸ் நிலையம் நெருங்கும்போது அக்கா ஸீட்டை அறைந்தாள்.

"டேய் ஜெகனு, நிறுத்து. வனஜா போறா."

"சேக்காட்டுல நிக்கறாக்கா அவ."

"ஷேர் ஆட்டோல போறாடா. நம்மளத் தாண்டிப் போயிட்டா. மஞ்சப்பை தெரியுது."

கண்ணாடியில் பார்த்தேன். எதிர்ப் பாதையில் கிழக்கே ஓடிக்கொண்டிருந்த ஷேர் ஆட்டோவின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பை ஆடியது. நானும் மாமாவும் முன்னால் பார்த்துக்கொண்டு வந்ததால், சேக்காட்டுத் தெருமுனை வரைக்கும் போய் முட்டாள் மாதிரி நின்றிருப்போம். அன்றைக்கு அந்த வண்டியில் பின்னால் பார்த்த ஒரே ஆள் அவள்தான். இதை எழுதும்போதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

திரும்பித் துரத்தி, திருமுல்லைவாயல் ஸ்டாப்பில் ஆட்டோவை மறித்தேன். வனஜா இறங்கினாள். "நீங்க எதுக்கு அலையணும்னுதான் நானே வந்துகினு இருந்தேன்" என்றாள். அக்கா பையைப் பிரித்தாள். பாஸ்போர்ட்டின் மேல் அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. வனஜாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வனஜாவைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது.

பைபாஸில் நான் ஓட்டிய வேகத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஏர்போர்ட் வாசலில் வண்டி நின்றபோது கவுண்ட்டர் மூடுவதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. டிக்கெட் இல்லாதவர்கள் உள்ளே போக முடியாது. அக்கா அவசர அவசரமாக மாமாவிடம், மாவு ஃபிரிட்ஜில் கீழ்த் தட்டில் இருக்கிறது, பிபி மாத்திரை டிவி மேல் இருக்கிறது, கொடியில் துணி கிடக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள். மாமா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவள் உள்ளே நுழைந்து, காவலரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டி, அவர் அதிலிருந்து இரண்டு அரிசியைத் தட்டிவிட்டதுவரை பார்த்தோம். அப்புறம் கூட்டத்தில் தெரியவில்லை.

ஏறி உட்கார்ந்ததும் போன் செய்தாள். நாங்கள் பார்க்கிங்கிலேயே இருந்தோம். விமானம் போகிற வழியைக் காட்டுகிற ஆப் ஒன்று என் போனில் இருக்கிறது. சவாரிக்கு வருகிறவர்களுக்காக வைத்திருப்பது. அதைத் திறந்து மாமாவிடம் கொடுத்தேன். குட்டி விமானம் நகர்ந்தது. ஓடி மேலே ஏறியது.

மேற்கே ஏறியது.

எனக்கு உயிரே போனது. மாமா இனி ஆறு மாசத்துக்கு இதைச் சொல்லிக் காண்பிப்பாரே என்று. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்துத்தான் விமானம் ஏறும், அதற்கும் அமெரிக்காவுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கத் தயாரானேன். அதற்குள் அது பூந்தமல்லிப் பக்கமாக வளைந்து வடக்கே போனது. சந்தோஷும் ஜெயித்தான். பிறகு கிழக்கே திரும்பிக் கடலுக்கு மேல் போனது. மூன்று பேர் சொன்னதும் சரியாகிவிட்டது.

"மாமா, மேற்கத்தான் கெளம்புச்சு. நீங்க சொன்னதுதான்" என்று நானே சொன்னேன்.

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. விமானம் கடலில் நகர நகர, படத்தை விரலால் இழுத்துக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் அதைத் தொலைத்துவிட்டார். "எங்க போயிட்டா?" என்றார். நான் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

சேக்காடு வந்து சேர்ந்தோம். மாமா வீட்டு வாசலில் இறங்கி, "வண்டிய ஆஃப் பண்ணாத மச்சான்" என்று உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு துணிக்கடைப் பை. முன் ஸீட்டில் ஏறி மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்க மாமா?"

"அண்ணனூரு. வனஜா ஊட்டுக்கு."

பையை விலக்கிப் பார்த்தேன். மடித்த லுங்கி ஒன்று, அதன் மேல் ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் துண்டு. எனக்குச் சிரிப்பு வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"மாமா, நீங்க மேற்குன்னு சொன்னீங்களே. அண்ணனூர் கெழக்கு."

"அவ போன பக்கம்தான் நானும் போவணும். வேற எங்க போவப்போறேன்."

"பாஸ்போர்ட்டே இல்லியே உங்களுக்கு."

அவர் ஸீட் பெல்ட்டை இழுத்து மாட்டினார்.

"அது வர்றப்ப வரட்டும்" என்றார். "மொதல்ல லுங்கி கெளம்பட்டும்."